கை நின்ற இடம்

சிபானா பயந்த பிள்ளை. சாய்ந்தமருதில் அவளுடைய தெருவில் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். நாய் குரைத்தால் வேறு ஒழுங்கையால் சுற்றிப் போவாள். பரீட்சைக்கு முதல்நாள் காய்ச்சல் வரும். பள்ளிவாசல் ஒலிபெருக்கி நேரமில்லாத நேரத்தில் கரகரத்தால், யாருடைய மௌத்துச் செய்தியோ என்று உம்மாவோடு போய் ஒட்டிக்கொள்வாள். அப்படிப்பட்ட பிள்ளை கெட்டிக்காரியாகவும் இருந்துவிட்டாள். கொழும்பில் இயன்மருத்துவம், பிசியோதெரபி, படிக்க இடம் கிடைத்தபோது, அவளைச் சம்மதிக்க வைத்து பஸ்ஸில் ஏற்றுவதற்குள் வாப்பாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கடல் ஊருக்குள் வந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை அவள் விடுமுறையில் வீட்டில் இருந்தாள். உம்மா காலையிலேயே கடற்கரைப் பக்கம் தன் ராத்தாவான பெரியம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தார். சனம் கத்திக்கொண்டு மெயின் வீதிப் பக்கம் ஓடி வந்தபோது, சிபானா உம்மாவைத் தேடி எதிர்ப்பக்கமாக ஓடப் பார்த்தாள். வாப்பா அவளுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேற்கே ஓடினார். வயல்வெளி வரைக்கும் அவர் பிடியை விடவில்லை. அடக்குவதற்கு உம்மாவின் ஜனாஸா கிடைத்தது. பெரியம்மா வீட்டில் மற்றவர்களில் சிலருடையது கிடைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு பயம் வந்து போகிற ஒன்றாக இல்லாமல் அவளோடேயே தங்கிவிட்டது. விடுதியில் பக்கத்து அறையில் யாராவது குழாயைத் திறந்தால் விழித்து உட்கார்ந்திருப்பாள். படிப்பை விட்டுவிடுகிறேன் என்று பலமுறை வாப்பாவுக்குப் போன் எடுத்தாள். அவர் கோபிக்கவுமில்லை, சரி என்று சொல்லவுமில்லை. ஒவ்வொரு முறையும் இந்த மாதம் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்பார். அப்படியே மாதம் மாதமாகத் தள்ளி அவள் படித்து முடித்து, கல்முனையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்கும் வந்துவிட்டாள்.

அவளுக்குக் கொடுத்த அறை நடையின் கடைசியில் இருந்தது. ஒரு கட்டில், சுவரில் கயிறும் கப்பியும், விரலால் படிப்படியாக ஏறுவதற்கு ஒரு பலகை. சுனாமிக்குப் பிறகு அந்த அறைக்கு வந்தவர்களில் தோள் நோவுக்காரர்கள்தான் அதிகம். மரத்தைப் பிடித்துத் தொங்கியவர்கள், கூரைத் தகட்டில் அடிபட்டவர்கள், பிள்ளையைப் பிடித்த கையை விடாமல் தண்ணீரோடு போராடியவர்கள். அந்த நேரம் கையைப் பற்றி யோசிக்க யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை. முகாமும் தற்காலிகக் கொட்டிலுமாகக் காலம் போனபிறகுதான், கை மேலே போகவில்லையே என்று கண்டுபிடித்தார்கள்.

தோளைப் பொறுத்தவரை அவள் இரண்டைப் பார்த்தாக வேண்டும். கை எவ்வளவு தூரம் உயருகிறது என்பது ஒன்று. அதற்குக் கோணமானி இருந்தது. இரண்டு நீட்டுக் கைகளும் நடுவில் பாகை குறித்த வட்டமுமான ஒரு பிளாஸ்டிக் சாமான். எவ்வளவு நோகிறது என்பது மற்றது. அதற்குக் கருவி கிடையாது, ஆளிடம்தான் கேட்க வேண்டும். ஒன்றுமே நோகாவிட்டால் பூச்சியம், இதற்கு மேல் நோவே இல்லையென்றால் பத்து, உங்களுக்கு எத்தனை என்று கேட்கக் கொழும்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கல்முனையில் அந்தக் கேள்வி எடுபடவில்லை. மூன்று பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய், தலைக்குச் சீப்பைக் கொண்டுபோக முடியாத கையோடு வந்து உட்கார்ந்து, சிபானாவை நிமிர்ந்து பார்த்தார்.

"இதெல்லாம் ஒரு நோவா புள்ள? பூச்சியம் எண்டு எழுதுங்க" என்றார்.

அன்றிலிருந்து சிபானா எண்ணைக் கடைசியில்தான் கேட்பாள். முதலில் கேட்பது வேறு. கிணற்றில் தண்ணீர் அள்ள ஏலுமா? மேல்தட்டில் இருக்கிற சீனிப் பேணியை எடுக்க ஏலுமா? உங்களுக்கு யார் தலை சீவி விடுகிறார்கள்? இப்படிக் கேட்டால், எதுவும் நோகவில்லை என்றவர்கள்கூட மெதுவாகக் கதைக்கத் தொடங்கினார்கள்.

பூபாலசிங்கம் பாண்டிருப்பைச் சேர்ந்த கடற்தொழிலாளி. நாற்பதைத் தொடாத வயது, அதிகம் பேசாத மனிதர். சுனாமியில் புரண்டு வந்த தோணி ஒன்று வலது தோளில் அடித்து மூட்டு விலகிவிட்டது. முகாமில் யாரோ இழுத்துப் பொருத்தினார்கள். பிறகு கை நெஞ்சு மட்டத்துக்கு மேல் போகவில்லை. ஒற்றைக் கையோடு கரைவலை இழுக்கப் போய், கூட்டாளிகளின் சலித்த முகத்தைப் பார்த்துவிட்டு அதையும் விட்டுவிட்டார். சில வருடங்கள் கழித்து மனைவி பாலம்மாதான் கையோடு கூட்டிக்கொண்டு வந்து சிபானாவின் அறையில் உட்கார வைத்தார்.

மாதக்கணக்காகச் செய்த வேலைக்குப் பலன் இருந்தது. கை கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பூபாலசிங்கம் வாய்விட்டுச் சொல்லமாட்டார். ஆனால் பலகையில் விரல் ஒரு படி கூடுதலாக ஏறிய நாளில் அந்த இடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். இரண்டாயிரத்து ஒன்பது பிறந்தபோது கை காது மட்டத்தைத் தாண்டிவிட்டது.

வன்னியில் சண்டை உச்சத்தில் இருந்த காலம் அது. கிழக்கில் சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். ஆனால் சோதனைச் சாவடிகளும் சுற்றிவளைப்புகளும் முடியவில்லை. ஆள் கடத்தும் வெள்ளை வான் ஒன்று தெருவில் மெதுவாகப் போனால் சனம் கதவைச் சாத்தியது. தமிழ் ஊர்களில் அந்தப் பயம் ஒரு மாதிரி, முஸ்லிம் ஊர்களில் இன்னொரு மாதிரி. வாப்பா மகளிடம், வேலைக்குப் போனால் வேலையைப் பார், யாருடைய கதைக்கும் காது கொடுக்காதே என்று சொல்லித்தான் அனுப்புவார். அவர் சொல்லாவிட்டாலும் அவள் அப்படித்தான் இருந்திருப்பாள்.

மாசி மாதத்தில் ஒரு காலை, நடையில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. நோயாளிகள் உட்கார்ந்திருந்த வாங்குகளில் கதை ஒவ்வொன்றாக நின்றுகொண்டு வந்தது. சிபானா திரும்பியபோது வாசலில் ஓர் அதிகாரியும் துப்பாக்கியோடு இரண்டு படையினரும் நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் பூபாலசிங்கம். சேட்டுப் பொத்தான்கள் அறுந்திருந்தன. அவர் அவளைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நடந்ததை அதிகாரி சிங்களத்தில் சுருக்கமாகச் சொன்னார். சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கிக் கையை உயர்த்தச் சொல்லியிருக்கிறார்கள். இவன் இடது கையை மட்டும் உயர்த்தினான். வலது கை நெஞ்சுக்கு மேல் வரவில்லை. சத்தம் போட்டும் வரவில்லை. சேட்டைக் கழற்றிப் பார்த்தால் அந்தத் தோளில் தோல் தடித்துக் கறுத்திருக்கிறது. துப்பாக்கி பிடித்த தோள் அப்படித்தான் இருக்கும். கேட்டால், கை வருத்தம், இந்த ஆஸ்பத்திரியில் மிஸ்ஸிடம் காட்டுகிறேன் என்கிறான். உண்மையா? இவனுடைய கை உயராதா?

போன கிழமை அந்தக் கை காதைத் தாண்டி உயர்ந்தது. சிபானாவே அளந்தாள். கட்டிலில் இருந்த ஆளும் வாங்கில் இருந்தவர்களும் பார்த்தார்கள். உயரும் என்று சொன்னால், கட்டளைக்குக் கீழ்ப்படியாமல் நடித்தவன் என்றாகிவிடும். அதற்குப் பிறகு அவரை எங்கே கொண்டுபோவார்கள் என்று நினைக்கவே முடியவில்லை. உயராது என்று சொன்னால், அது பொய் என்று தெரிந்தவர்கள் அந்த நடையில் இருந்தார்கள். பொய் பிடிபட்டால் அவருக்கும் கேடு, அவளுக்கும் கேடு. இவர் உண்மையில் யார் என்று எனக்குத்தான் என்ன தெரியும் என்றும் ஒரு கணம் தோன்றியது. உள்ளுக்குள், காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியைத் தொடங்கினாள். பாதியில் வரி மறந்து போயிற்று.

அளந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அதிகாரி தலையை ஆட்டினார்.

பூபாலசிங்கத்தை ஸ்டூலில் உட்கார வைத்துக் கையை உயர்த்தச் சொன்னாள். நெஞ்சு மட்டத்தில் நின்றது. சாவடியில் நின்ற அதே இடம். அவள் தன் கையால் தாங்கி உயர்த்திப் பார்த்தாள். நகரவில்லை. மற்றக் கையைத் தோள்பட்டையில் வைத்தபோது தசை பலகைபோல் இறுகியிருந்தது தெரிந்தது. மூட்டு பூட்டிக்கொள்ளவில்லை, தசைதான் பிடித்துக்கொண்டு நின்றது. சுனாமிக்குப் பிறகு அவள் எத்தனையோ பேரில் கண்டதுதான் இது. அவர்களில் யாரும் நடிக்கவில்லை. பயந்த உடம்பு நோகும் மூட்டை அசையவிடாமல் இறுக்கிப் பிடிக்கும். உடம்புக்கு உரியவர் விடச் சொன்னாலும் விடாது.

நோவு எத்தனை என்று கேட்டாள். குரல் தனக்கே கேட்கவில்லை. மறுபடி கேட்டாள்.

"பத்து, மிஸ்" என்றார் பூபாலசிங்கம். அந்த மனிதர் அதுவரை எந்த நாளும் ஆறுக்கு மேல் சொன்னதில்லை.

இப்போது சொல், உயருமா, உயராதா என்று அதிகாரி கேட்டார்.

போன கிழமை உயர்ந்தது, இன்றைக்கு உயரவில்லை என்று சிபானா சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் தவறு செய்துவிட்டோம் என்று விளங்கியது. படையினரில் ஒருவன் ஏதோ சொல்லிச் சிரித்தான். அப்படியானால் நடிக்கிறான், அவ்வளவுதானே என்றார் அதிகாரி. பூபாலசிங்கம் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். அவருக்குச் சிங்களம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அந்தச் சொல் தெரிந்திருந்தது.

கோணமானி சிபானாவின் கையில் நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் இரண்டு கைகளும் ஒன்றோடொன்று முட்டிச் சின்னதாக ஒரு சத்தம் வந்துகொண்டேயிருந்தது. அதை மறைக்கத்தான் முதலில் நினைத்தாள், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, முன்னால் நீட்டினாள்.

"என்ட கையப் பாருங்க, சேர். எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. தோளும் நல்லம், முழங்கையும் நல்லம். ஆனா இத ஆடாமப் பிடிக்க என்னால ஏலா. நீங்க இஞ்ச நிக்கிறதாலதான் ஏலா. நான் நடிக்கல்ல."

சிங்களத்தில்தான் சொன்னாள். அழுதுகொண்டு சொன்னாள் என்று பிறகு வாங்கில் இருந்தவர்கள் சொன்னார்கள், அவளுக்கு அது ஞாபகமில்லை. அதிகாரி அவளுடைய கையைப் பார்த்தார். பிறகு, படையினர் இருவரையும் வெளியே போய் ஜீப்படியில் நிற்கச் சொன்னார். தான் கதவோரமாகப் பின்வாங்கிச் சுவரில் சாய்ந்து, சரி, காட்டு என்றார்.

அதுதான் அவளுக்கு இன்னும் பெரிய பயமாக இருந்தது. இனி கை உயர்ந்தாலும் நடித்தான் எனலாம், உயராவிட்டாலும் நடிக்கிறான் எனலாம். ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. பூபாலசிங்கத்தைக் கட்டிலில் படுக்க வைத்து, முழங்கைக்குக் கீழே தலையணை கொடுத்தாள். வழமையாகக் கேட்பதையே கேட்கத் தொடங்கினாள். இந்தக் கிழமை சாரன் உடுக்க ஏலுமாக இருந்ததா? தலைக்குத் தண்ணீர் வார்க்க ஏலுமா? கிழிந்த வலை பொத்தினீர்களா? முதலில் ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. பிறகு, போன வெள்ளிக்கிழமை மைத்துனனுடைய தோணியைத் தள்ளிவிட்டதாகச் சொன்னார். என்ன மீன் பட்டது என்று கேட்டாள். சூரை என்றார். அவர் கதைத்துக்கொண்டிருக்க, அவளுடைய உள்ளங்கைக்குக் கீழே தசை மெல்ல இளகியது. கை நெஞ்சு மட்டத்தைத் தாண்டியது. கொஞ்சம் நின்று, இன்னும் ஏறியது. நாடி மட்டம். பிறகு மூக்கு மட்டம்.

அந்த நேரம் வெளியே ஜீப்பின் கதவை யாரோ அறைந்து சாத்தினார்கள்.

கை அப்படியே இறுகியது. அவள் கையிலிருந்து வெடுக்கென்று பறித்துக்கொண்டு மார்போடு போய் ஒட்டிக்கொண்டது. பூபாலசிங்கம் வலியில் முனகி ஒருபக்கமாகச் சுருண்டார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை, அவர் கதவுப் பக்கம் பார்க்கவுமில்லை. அதிகாரி சுவரில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து நின்றார்.

தோளில் அந்தக் கறுப்பு என்ன என்று கேட்டார். குரல் முன்போல் இல்லை. கரைவலைக் கயிறு உரசிய தடிப்பு என்று சிபானா சொன்னாள். அதற்கு அத்தாட்சி அவளிடம் எதுவும் இல்லை. அப்போது வாங்கில் முழங்கால் நோவுக்காகக் காத்திருந்த முகைதீன்பாவா எழுந்து வாசலுக்கு வந்தார். மருதமுனைக்காரர், காலமெல்லாம் வலை இழுத்தவர். அவர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. சேட்டைத் தோளிலிருந்து இறக்கிக் காட்டினார். அதே இடம், அதே தடிப்பு, அதே கறுப்பு. காட்டி முடித்ததும் சேட்டைப் பூட்டிக்கொண்டு, முறை வரும் முன்பே ஆஸ்பத்திரியை விட்டுப் போய்விட்டார்.

அதிகாரி பூபாலசிங்கத்தைக் கூட்டிக்கொண்டு போனார். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார். போகும்போது சிபானாவின் முழுப்பெயரையும் ஊரையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

பெயரைக் குறித்ததுதான் அவளை ஆட்டிவிட்டது. வீட்டுக்குப் போய் வாப்பாவிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய் வாசல் படலையைப் பூட்டினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை.

"செஞ்சது செஞ்சாச்சு மகள். இனி ஆராவது உன்னக் கேட்டு வந்தா, நான் வந்துதான் கதைப்பன். நீ வெளிய வராத" என்றார்.

அடுத்த நாட்களில் தெருவில் எந்த வாகனம் நின்றாலும் அவள் பின்பக்கம் போய் நின்றுகொண்டாள். லீவு போட்டாள். லீவில் வீட்டில் இருப்பது அதைவிடப் பயமாக இருந்ததால் வேலைக்குத் திரும்பினாள். பூபாலசிங்கத்தின் முறை நாளில் அவர் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. விசாரிக்கப் பயம், விசாரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஒருநாள் பாலம்மா வந்தார். கதவைச் சாத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தார். இரண்டு இரவு வைத்திருந்துவிட்டு விட்டுவிட்டார்களாம். அடிக்கவில்லை என்று சொல்கிறாராம், உண்மையோ தெரியாதாம். ஆனால் கை பழையபடி நெஞ்சிலேயே நிற்கிறது. கூப்பிட்டால் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார்.

"உங்களில பிழை ஒண்டுமில்ல மிஸ். அந்த ரூமுக்குள்ள வந்தா அவங்க நிண்ட இடம்தான் கண்ணுக்குள்ள நிக்குமாம்" என்றார்.

சிபானாவுக்கு அது விளங்கியது. அவளுக்கும் அந்தக் கதவோரத்தைப் பார்க்கும்போதெல்லாம் அப்படித்தான் இருந்தது. அன்று பின்னேரம் வாப்பாவிடம், பாண்டிருப்புக்குக் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நல்லது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டாள். வாப்பா யோசித்தார், வெற்றிலையைத் துப்பினார், பிறகு மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்தார்.

சுனாமி வீட்டுத்திட்டத்தில் ஓர் அறையும் குசினியுமான வீடு. ஒரு முஸ்லிம் பெட்டையும் அவளுடைய வாப்பாவும் வந்து இறங்கியதை அயல் முழுக்க வேலிக்கு மேலால் பார்த்தது. முதல்நாள் பூபாலசிங்கம் சேட்டைக் கழற்றவேயில்லை. சிபானா கோணமானியை வெளியே எடுக்கவுமில்லை. பாலம்மா தந்த பிளேன்ரீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருமுறை போனாள். வாப்பா வெளியில் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு முறையும் வீடு திரும்பிப் படலையைப் பூட்டிய பிறகுதான் இருவருக்கும் மூச்சு வரும்.

வைகாசியில் யுத்தம் முடிந்த அன்று அவள் அந்த வீட்டில்தான் இருந்தாள். கல்முனைப் பக்கமாக வெடிச்சத்தம் கேட்டது. கட்டிலில் இருந்த பூபாலசிங்கம் எப்போது நிலத்துக்கு வந்தார் என்று தெரியவில்லை. பாலம்மா அவருக்கு மேலே குனிந்திருந்தார். சிபானாவும் சுவரோரம் குந்திக் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். வாப்பா உள்ளே வந்து, சீனவெடிதான் கொளுத்துகிறார்கள், சண்டை முடிந்துவிட்டதாம் என்றார். யாரும் உடனே எழும்பவில்லை. பாலம்மாவின் தம்பி வன்னியில் இருந்தான். அவன் இருக்கிறானா இல்லையா என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. பாலம்மா சத்தமில்லாமல் அழத் தொடங்கினார். அன்றைக்கு எதையும் அளக்கவில்லை.

அடுத்த வருடம் பூபாலசிங்கம் மைத்துனனோடு மறுபடி கடலுக்குப் போனார். கை திரும்பவும் காது மட்டம் வரை வந்தது, அதோடு நின்றுவிட்டது. எவ்வளவு செய்தும் மேலே போகவில்லை. இனி இதற்கு மேல் வராது என்று நோயாளியிடம் சொல்வது சிபானாவுக்கு எப்போதும் கஷ்டமான காரியம். ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

பூபாலசிங்கம் கையை நிற்கும் இடம் வரை உயர்த்திப் பார்த்தார். இவ்வளவு காலத்தில் முதல்முறையாக அவள் முன்னால் சிரித்தார்.

"காணும் மிஸ். வலை இழுக்க இது காணும். இதுக்கு மேல தூக்கு எண்டு ஆரும் கேக்காம இருந்தாச் சரி."

சிபானா இப்போது அக்கரைப்பற்றில் வேலை செய்கிறாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். பயம் போய்விட்டதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள், மழைக்காலத்தில் கடல் இரைந்தால் இன்னும் பிள்ளைகளை எழுப்பி உட்கார வைத்துவிடுகிறாள். தோள் நோவோடு புதிதாக யாராவது வந்தால், அளப்பதற்கு முன் கதவைச் சாத்தி, கூட வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்கிறாள். இஞ்ச வர பயந்தீங்களா என்று கேட்கிறாள். அநேகமானவர்கள் இல்லை என்கிறார்கள். அவள் அவசரப்படாமல், கோணமானியை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்கிறாள்.